விஸ்லரில் ஒரு குளிர்காலம் ஸ்கீ பயிற்றுநராக நிற்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பனிப்பித்தன் (ஸ்காபரோ):

வணக்கம். வயது 24. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் ஒப்பந்த வேலை, மார்கழியோடு முடிகிறது. அடுத்த வேலை தேட முன் ஒரு குளிர்காலம் முழுக்க, பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் விஸ்லரில் ஸ்கீ (பனிச்சறுக்கு) பயிற்றுநராக நின்று பார்த்தால் என்ன என்று சில மாதமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை. இங்கே ஒன்ராறியோவில் புளூ மவுண்டன் ஸ்கீ மலையில் எந்தச் சரிவையும் இறங்கிவிடுவேன், பார்க்கிறவர் கண்ணுக்கு அழகாக இருக்குமா என்பது வேறு கதை. கனடிய ஸ்கீ பயிற்றுநர் சங்கத்தின், அதுதான் சிஎஸ்ஐஏ, முதல் நிலைச் சான்றிதழை மூன்று நாளில் எடுக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். மூன்று நாளில் ஒருவரைப் பயிற்றுநர் ஆக்கிவிட முடியுமா, இல்லை காசை வாங்கிக்கொண்டு ஒரு கடதாசி தருகிறார்களா? அதை வைத்துக்கொண்டு கேட்டால் விஸ்லரில் எடுப்பார்களா? தங்க இடம் கிடைப்பது பெரிய பாடு என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் "படிச்சுப்போட்டு பனிக்குள்ள நிண்டு பிள்ளை பாக்கப் போறியோ" என்று கேட்பா. அதற்கும் யாரிடமாவது பதில் இருந்தால் எழுதுங்கள்.

மேற்குமலை (விஸ்லர்):

தம்பி, அம்மா சரியாகத்தான் கேட்பா. முதல் வருடம் பிள்ளை பார்க்கிற வேலையேதான், அதைப் பிடிக்காதவர்கள் தை மாதம் முடிய முன்னமே பெட்டி கட்டிவிடுவார்கள்.

முதலில் சான்றிதழ். மொத்தம் நான்கு நிலை. முதல் நிலை என்பது, புதிதாகப் பழக வருகிறவரை உங்களிடம் நம்பி விடலாம் என்கிற அளவுக்கான அனுமதி, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் உங்கள் சறுக்கலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள், கொஞ்ச நேரம் கூட வந்தவர்களுக்கு நீங்கள் பாடம் நடத்திக் காட்டவேண்டும். செங்குத்துச் சரிவில் பறந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். இலகுவான சரிவில், மெதுவாக, இரண்டு பலகையும் இணையாக இருக்க, ஒரே அளவான வளைவுகளாகப் போடச் சொல்வார்கள். தாங்களாகவே பழகியவர்கள் அநேகம் பேர் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள், ஏனென்றால் வேகத்தில் எல்லாப் பிழையும் மறைந்துவிடும், மெதுவாகப் போகும்போதுதான் உடம்பைப் பின்னால் சாய்ப்பதும் தோளைச் சுழற்றி வளைவதும் பளிச்சென்று தெரியும். இரண்டாம் நிலை அப்படி இலேசில் கிடைக்காது, சறுக்கும் திறனையும் கற்பிக்கும் திறனையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஆண்டுச் சந்தா கட்டாமல் விட்டால் சான்றிதழ் செல்லாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

முதல் நிலையோடு வேலை கிடைக்கும். ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள்தான் உங்கள் பங்குக்கு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் தலைக்கவசம், கண்ணாடி, கையுறை மாட்டி, பெருவிரல் பெருவிரலுக்கான இடத்துக்குள் போனதா என்று பார்த்து, சப்பாத்துக் கொளுவிகளை இறுக்கி வரிசையில் நிறுத்திய பிறகுதான் ஒன்று வந்து 'ஒண்டுக்கு வருது' என்று சொல்லும். கழற்றிக் கூட்டிக்கொண்டு போய் வர மற்றது கேட்கும். பலகைகளின் முன்நுனியைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும், அதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் பீட்சா. நேராக வைத்தால் பிரெஞ்சு பிரைஸ். சின்னவர்களுக்குத் தடி கொடுப்பதில்லை, கையில் இருந்தால் பக்கத்துப் பிள்ளைக்குத்தான் குத்தும். ஒரு நாளில் பீட்சா என்ற சொல்லை நீங்கள் கத்தும் கத்தில் இரவில் பீட்சாக் கடை விளம்பரத்தைக் கண்டாலே எரிச்சல் வரும்.

எனக்கு இதில் பிடித்தது ஆட்களை மலைமேல் ஏற்றும் கதிரை லிப்டு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் சின்னப் பிள்ளையைத் தனியே ஏற்றமுடியாது, வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத ஆட்களிடம் "இவரை மேலே கொண்டுபோய் விடுவீர்களா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்படைக்கவேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

சம்பளம் மணிக்கணக்கு. கிறிஸ்மஸ் விடுமுறையில் மூச்சு விட நேரம் இருக்காது, தை நடுப்பகுதியில் பாடம் இல்லை என்று காலையிலேயே திருப்பி அனுப்புவார்கள். வரச்சொல்லி வந்தவருக்குக் குறைந்தது இரண்டு மணி நேரச் சம்பளம் தரவேண்டும் என்று பிரிட்டிஷ் கொலம்பியாச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை வைத்து வாடகை கட்டமுடியாது. பழையவர்களுக்கும் மேல்நிலைச் சான்றிதழ் உள்ளவர்களுக்கும்தான் முதலில் பாடம் போகும். ஆங்கிலம் தவிர வேறு மொழி ஏதும் தெரிந்தால் விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள், பிரெஞ்சோ மண்டரினோ பேசுகிறவர்களைத் தேடி எடுப்பார்கள்.

இனி வீடு. உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்கென்றே 1997 முதல் வீடமைப்பு அதிகாரசபை ஒன்று இருக்கிறது, அப்படி இருந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. உங்களைப் போன்ற ஆட்களுக்கு வழி ஒன்று நிறுவனத்தின் ஊழியர் விடுதி, மற்றது நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் பாதி அறை. பக்கத்து ஊரான ஸ்குவாமிஷில் இருந்து காரில் ஓடி வரலாம், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஐப்பசி (அக்டோபர்) முதலாம் திகதியில் இருந்து பங்குனி (மார்ச்) கடைசி வரை அந்த வீதியில் குளிர்காலச் சில்லு (டயர்) இல்லாமல் ஓடமுடியாது, காரும் எரிபொருளும் வேறு. விடுதியோ அறையோ எழுத்தில் கைக்கு வராமல் விமானம் ஏறவேண்டாம்.

கடைசியாக மழை. கிராமம் 675 மீட்டர் உயரத்தில்தான், பசிபிக் கடலும் தூரம் இல்லை. மேலே அருமையான பனி கொட்டும் நாளில் கீழே தொடக்கக்காரர் பழகும் இடத்தில் மழை கொட்டும், நீங்கள் நிற்பது கீழேதான். இதை எந்த விளம்பரப் படத்திலும் காட்டமாட்டார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்றால், 8,000 ஏக்கருக்கு மேல் மலை, வேலையோடு சேர்ந்து வரும், சீசன் முழுக்க மலையில் சறுக்குவதற்கான அனுமதி, மூத்தவர்கள் எங்களுக்கு நடத்தும் பயிற்சி. வெளியில் காசு கொடுத்து அந்தப் பயிற்சி எடுப்பதென்றால் கட்டுப்படியாகாது.

வடயோர்க்_அக்கா:

நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன். விஸ்லர் எங்கேயும் ஓடிப்போகாது. ரொறன்ரோ நகரசபையே இரண்டு ஸ்கீ மலை நடத்துகிறது, ஒன்று ஏர்ல் பேல்ஸ் பூங்காவில், மற்றது எற்றோபிக்கோவில் சென்ரெனியல் பூங்காவில். மலை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும், மூச்சு எடுக்க முன் இறங்கி முடிந்துவிடும். ஆனால் அங்கேயும் பயிற்றுநர் வேண்டும், வாரக்கடைசியில் போய் நிற்கலாம், வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை. கற்பிப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை அறிய 4,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போகத் தேவையில்லையே.

என்னிடம் பழக வந்தவர்களில் பாதிப்பேர் பெரியவர்கள், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். பிள்ளைகள் விழுந்தால் சிரிப்பார்கள், நாற்பது வயதுக்காரருக்கு விழுவது மானப்பிரச்சினை. அதனால் நான் முதலில் வேண்டுமென்றே விழ வைத்து, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி எப்படி எழும்புவது என்று காட்டிவிடுவேன், அதோடு பாதிப் பயம் போய்விடும். ஒருமுறை ஒரு தமிழ் அம்மா மகளோடு வந்திருந்தா. ஆங்கிலத்தில் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை, உடம்பு விறைத்துப்போய் நின்றா. "அம்மா, முழங்காலை மடியுங்கோ, கால் எலும்பு சப்பாத்தின்ர முன்பக்கத்தை அமத்தவேணும், கீழ பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ" என்றேன். வந்தா. சறுக்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை நீங்கள் எந்த ஊர்?"

தம்பியின் அம்மாவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாதாடுவதைவிட அது சுலபம்.

கோவைக்காரன்:

நல்ல திரி. நான் காஷ்மீரின் குல்மார்க்கில் இந்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஸ்கீ நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறேன். உயரம் 2,600 மீட்டருக்கு மேல் என்பதால் முதல் இரண்டு நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே மூச்சு வாங்கும். சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்துக் காஷ்மீரிகள், அவர்கள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவர்களுக்கே வருமானம் சில மாதம்தான், அதுவும் வானத்தை நம்பி. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் புல் தெரிந்தது, படங்கள் பார்த்திருப்பீர்கள்.

சரி, என் கேள்வி. இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு மேற்குமலை அண்ணா மாதிரி விஸ்லருக்கு வேலைக்கு வர முடியுமா? அங்கே ஆஸ்திரேலியர்களும் பிரிட்டிஷ்காரர்களும் கூட்டம் கூட்டமாக வருவதாகப் படித்தேன், அவர்கள் எப்படி வருகிறார்கள்?

மேற்குமலை (விஸ்லர்):

அவர்கள் வருவது இளைஞருக்கான வேலை-விடுமுறை விசாவில். கனடாவோடு அதற்கு ஒப்பந்தம் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. ஒரு சீசன் வேலைக்காக ஒரு நிறுவனம் உங்களுக்குத் தனியாக வேலை அனுமதி எடுத்துத் தரும் என்று நம்பி இருக்கவேண்டாம். பயிற்சியும் வேலையும் சேர்த்துத் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்கும் முகவர்கள் இருக்கிறார்கள், வேலை செய்யும் உரிமை எந்த விசாவில் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள், பதில் சுற்றிவளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு ஆஸ்திரேலியா பொருந்தலாம். 2024 முதல் இந்தியர்களுக்கு 462 என்ற வேலை-விடுமுறை விசா திறந்திருக்கிறது. ஆண்டுக்கு 1,000 இடம், 18 முதல் 30 வயது வரை, குலுக்கல் முறை. அங்கே பெரிஷர், திரெட்போ ஸ்கீ மலைகள் பக்கம் ஜூனில் தொடங்கி அக்டோபர் ஆரம்பம் வரை சீசன், தங்குவது பெரும்பாலும் ஜிண்டபைன் ஊரில். வீட்டுத் தட்டுப்பாடு அங்கேயும் இதே கதைதான் என்று அங்கிருந்து வரும் பெடியள் சொல்வார்கள்.

கோவைக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா. எனக்கு 29, அப்போ சீக்கிரம் விண்ணப்பித்து விடுகிறேன். அப்புறம் குலுக்கல் விட்ட வழி.

பனிப்பித்தன் (ஸ்காபரோ):

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னதுபோல இந்தக் குளிர்காலம் ஏர்ல் பேல்ஸில் கேட்டுப்பார்க்கிறேன், முதல் நிலையை ஒன்ராறியோவிலேயே எடுத்துவிட்டு அடுத்த வருடத்துக்கு விஸ்லர் விண்ணப்பம். ஒரு சின்னக் கேள்வி மட்டும்: இப்போது வைத்திருப்பது பழைய இரவல் சப்பாத்து, பலகையும் பழையது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. எதை மாற்றுவது?

வடயோர்க்_அக்கா:

சப்பாத்து. யோசிக்கவே வேண்டாம். இணையத்தில் வாங்காமல் காலை அளந்து தரும் கடைக்கு மத்தியானத்துக்குப் பிறகு போங்கள், காலையைவிட அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மெல்லிய காலுறை ஒன்றே போடவேண்டும், குளிருக்கு இரண்டு போட்டால் கால் இன்னும் விறைக்கும். முழங்காலை மடித்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தில் முட்டக்கூடாது, குதிக்கால் மேலே எழும்பக்கூடாது. கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டு நில்லுங்கள், விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு கடை. பலகை பழையதென்றாலும், சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைக்கும் பிணைப்பைத் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து உங்கள் எடைக்கும் புதிய சப்பாத்துக்கும் சரிபார்த்து வாங்குங்கள். விழும்போது அது கழலாவிட்டால் போவது முழங்கால்.