பிரபு பாவ்டோ போகிறான்

செல்வி: பிரபு போகிற ஊரில் விஷ ஏரி இருக்கிறதாமே? வீடியோ பார்த்ததிலிருந்து மைனி சரியாகச் சாப்பிடவில்லை.

மணி: எந்த ஊர்?

செல்வி: பாவ்டோ. சீனா. காந்தம் செய்கிற கம்பெனியில் பயிற்சி.

தங்கராஜ்: பதறாதீர்கள், சொல்கிறேன். அது உள் மங்கோலியாவில் இருக்கிறது. சுமார் 27 லட்சம் பேர் வாழும் ஊர், தெற்கே மஞ்சள் ஆறு. சுரங்கம் ஊருக்குள் இல்லை, வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி பயான் ஓபோவில். 1927-ல் அங்கே முதலில் கண்டது இரும்புத் தாது. காந்தம் செய்ய உதவும் உலோகங்களான அரிய மண் தனிமங்கள் இருப்பது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கு உலகிலேயே பெரிய இருப்பு அதுதான். 1954-ல் உருக்காலை தொடங்கி...

மணி: அத்தான், மூச்சு விடுங்கள்.

கவிதா: ஏரி?

தங்கராஜ்: ஏரி இல்லை, கழிவுக் குட்டை. தாதுவைப் பிரித்தபின் மிஞ்சும் சேற்றை ஊருக்கு மேற்கே பல வருடம் கொட்டினார்கள். அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. பக்கத்துக் கிராமங்களில் விவசாயம் கெட்டதும் உண்மைதான். பிரபு தங்குவது ஊருக்குள். நம் மணவாளக்குறிச்சி மணலிலும் தோரியம் இருக்கிறது, அங்கேதானே நான் வேலை பார்த்தேன்.

மணி: அதுதான் அத்தான் இருட்டிலும் மின்னுகிறார் 😄

ராணி: கேலி வேண்டாம் மணி. தண்ணீர் எப்படி?

பிரபு: அம்மா, காய்ச்சித்தான் குடிப்பேன். எனக்குக் குளிர்தான் பயம். ஜனவரி ராத்திரியில் மைனஸ் 15-க்கும் கீழே போகும்.

ராணி: மணி டெல்லிக்கு வாங்கிப் போன கோட்டு எங்கே?

மணி: அப்போதே கொடுத்துவிட்டேனே.

செல்வி: எப்போது? பாகம் பிரிக்கிறதற்கு முந்தியா, பிந்தியா?

கவிதா: ஆரம்பித்தாயிற்று.

பிரபு: அங்கே வாட்ஸ்அப் ஓடாது. எல்லோரும் வீசாட் போடுங்கள்.

செல்வி: எனக்கு யார் போட்டுத் தருவது?

தங்கராஜ்: பிரபு, கவனி. பயான் ஓபோவில் அதிகம் கிடைப்பது சீரியம், லாந்தனம், நியோடைமியம். மின்வண்டி மோட்டார் காந்தத்துக்கு நியோடைமியம்தான் உயிர். சூடு தாங்க டிஸ்புரோசியம் சேர்ப்பார்கள், அது தெற்குச் சீனச் சரக்கு. 2025 ஏப்ரலில் அதையும் சேர்த்து 7 தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தபோது நம் வண்டிக் கம்பெனிகள் திண்டாடின. தாது நம்மிடமும் இருக்கிறது. அதைப் பிரித்துக் காந்தமாக்கும் தொழில் அங்கே வளர்ந்த அளவுக்கு இங்கே வளரவில்லை. அதைக் கற்றுக்கொண்டு வா.

பிரபு: சரி மாமா.

செல்வி: சாப்பாடு எல்லாம் ஆட்டுக்கறியாமே. வெள்ளிக்கிழமை என்ன செய்வான்?

கவிதா: திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு யார் கார்?

மணி: பார்க்கலாம்.

ராணி: கோட்டு, மணி.