ஒரே ரூட்டரில் பல பொது ஐபி: உங்களுக்கு என்ன நடந்தது?

கம்பிவலை:
இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்லாஷ் 29 பிளாக், அதாவது எட்டு முகவரிகள்; பயன்படாத முதலும் கடைசியும், சேவை நிறுவனத்தின் கேட்வேயும் (வெளியே போகும் வாசல் ரூட்டர்) போக ஐந்து ஐபி. பழைய ரூட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். முதல் ஐபி உடனே வேலை செய்தது. மற்ற நான்கும் பேச்சு மூச்சில்லை. செட்டிங்கை வரி வரியாக ஒப்பிட்டேன், எல்லாம் சரி. நள்ளிரவு தாண்டி, வெளிப்பக்க போர்ட்டில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால் நான்கு ஐபிக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன! ஆனால் அவற்றில் இருந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்), மேசைமேல் கழற்றி வைத்திருந்த பழைய ரூட்டருடையது. அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஐபிக்கும், 'இனி இந்த ஐபி என் மேக்கில்' என்று சொல்லும் ஏஆர்பி அறிவிப்பு அனுப்பினேன். ஒவ்வொன்றாக உயிர் வந்தது.

இரவுப்பணி:
இதற்கா நள்ளிரவு வரை? மோடத்தை அணைத்துப் போட்டாலே சரியாகியிருக்கும்.

கம்பிவலை:
மோடம் பிரிட்ஜில், பாக்கெட்டை அப்படியே கடத்திவிடும் நிலையில், இருந்தது. பழைய மேக்கைப் பிடித்து வைத்திருந்தது சேவை நிறுவனத்தின் கேட்வே. சிஸ்கோ ரூட்டர்களில் ஏஆர்பி பதிவு (எந்த ஐபி எந்த மேக்கில் என்ற குறிப்பு) இயல்பாகவே நான்கு மணி நேரம் இருக்கும். மோடத்தை அணைத்து என்ன பயன்?

மூன்றாம்மாடி:
எனக்குத் தொல்லை மெயிலில். சர்வருக்குத் தனி ஐபி கொடுத்து, 25-ஆம் போர்ட்டை உள்ளே திருப்பிவிட்டேன். மெயில் வந்தது, அனுப்பியதெல்லாம் திரும்பியது. பிழைச் செய்தியில் இருந்த ஐபியைப் பார்த்ததும் திக்கென்றது: அது எல்லோரும் இணையம் பார்க்கும் முதல் ஐபி.

போர்ட் ஃபார்வர்டு உள்ளே வருவதை மட்டும்தான் கவனிக்கும். வெளியே போவதற்கு சோர்ஸ் நாட் விதி (அனுப்புநர் ஐபியை மாற்றுவது) தனியாக வேண்டும், அதுவும் எல்லோரையும் முதல் ஐபியில் அனுப்பும் பொதுவான மாஸ்கரேட் விதிக்கு மேலே. ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் (ஐபிக்கு உரிய பெயர்) எஸ்பிஎஃப்பும் (எந்த ஐபி உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பதிவு) அதே ஐபிக்கு இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று நாட் (ஒரு பொது ஐபியை முழுதாக ஒரே உள் கருவிக்கு இணைப்பது) போட்டால் இரண்டு திசையும் ஒரே விதியில் முடியும். ஆனால் ஃபயர்வால் விதியை முதலில் எழுதிவிடுங்கள், சில ரூட்டர்களில் எல்லா போர்ட்டும் திறந்துகொள்ளும். அப்புறம் கம்பிவலை, பிளாக் முழுவதும் உங்கள் ரூட்டரின் ஐபி வழியாகவே வரும்படி ரூட் செய்து தரச் சொல்லி சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். ஏஆர்பி தொல்லை அந்த ஐபிக்களுக்கு இருக்காது. நாட் விதிகளுக்கு எட்டு ஐபியும் கிடைக்கும்.

இரவுப்பணி:
எட்டுமா? முதலும் கடைசியுமான நெட்வொர்க், பிராட்காஸ்ட் முகவரிகள் இரண்டும் போய்விடுமே.

மூன்றாம்மாடி:
இன்டர்ஃபேஸில் ஸ்லாஷ் 29 என்று போட்டால்தான் அவை போகும். நாட் விதியில் ஒவ்வொன்றும் தனி ஸ்லாஷ் 32, அதாவது ஒற்றை முகவரி. எங்கள் விபிஎன் கடைசி ஐபியில்தான் ஓடுகிறது.