மின்சார ஸ்கூட்டர் மானியம்: பில்லில் கழிய வேண்டுமா, நம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமா?

கல்லிடைக்குறிச்சி விவசாயி
8 நவம்பர் 2025, காலை 6.40

சென்ற மாதம் திருநெல்வேலியில் ஒரு ஷோரூமில், 3 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். மின்சார வண்டி வாங்குவோருக்கு மத்திய அரசு மானியம் தரும், 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், முதல் நிதியாண்டில் பேட்டரியின் ஒரு கிலோவாட்-மணிக்கு 5,000 ரூபாயும் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும் கொடுத்தார்கள். இந்த ஏப்ரல் முதல் அது 2,500 ரூபாயாகவும் அதிகபட்சம் 5,000 ரூபாயாகவும் குறைந்துவிட்டது. என் பேட்டரிக்குக் கணக்குப்படி 7,500 ரூபாய் வர வேண்டியிருந்தாலும் வரம்பு காரணமாக 5,000 மட்டுமே கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் போனேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பில்லில் 5,000 ரூபாயைக் கழித்திருந்தார்கள். அதற்கு இரண்டு வரி கீழே ‘பதிவு மற்றும் இதர செலவுகள்’ என்று ஒரே தொகையாக 6,800 ரூபாயைச் சேர்த்திருந்தார்கள். மின்சார வண்டிக்குத் தமிழ்நாட்டில் இந்த டிசம்பர் 31 வரை வாகன வரி முழுவதும் விலக்கு. பதிவுச் சான்றுக்கான கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே நீக்கிவிட்டது. ஐந்தாண்டு இன்சூரன்சுக்குத் தனியாக வாங்கிவிட்டார்கள். பிறகு 6,800 எதற்கு என்று கேட்டபோது, அங்கிருந்த யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அரசு என் பெயரில் கொடுத்ததைவிடக் கூடுதலான தொகை அதே தாளிலேயே என்னிடமிருந்து போய்விட்டது. அலைபேசியைப் பார்க்கச் சொல்லி என் முகத்தைப் படம் பிடித்து ஆதாருடன் ஒப்பிட்ட பிறகு, ஆங்கிலத்தில் அச்சான ஒரு தாளைக் கொடுத்து ‘இங்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்றார்கள். மானியத்தை நான் பெற்றுக்கொண்டேன் என்பதற்கான மின்னணு ரசீது அது என்பதை, வீட்டுக்கு வந்து குறுஞ்செய்தியைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

என் கருத்து இதுதான்: வண்டியை முழு விலைக்கு விற்கட்டும். எரிவாயு சிலிண்டருக்குச் செய்வது போல மானியத்தை வாங்கியவரின் வங்கிக் கணக்கில் நேராகப் போடட்டும். அப்போது கடையின் கூட்டல் கழித்தலுக்கும் அரசின் பணத்துக்கும் தொடர்பு இருக்காது.

வண்ணார்பேட்டை ஷோரூம் ஊழியர்
8 நவம்பர் 2025, இரவு 9.15

அண்ணாச்சி, பிரித்து எழுதாத பில்லை நான் நியாயப்படுத்த மாட்டேன். எந்தத் தொகை எதற்கு என்று எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்கலாம். தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அதற்குத் தீர்வாக நீங்கள் சொல்லும் வழி, வாங்குபவரைத்தான் அதிகம் பாதிக்கும் என்று ஆறு ஆண்டுகளாக இந்தத் தாள்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடந்த ஃபேம் என்ற பழைய மத்திய அரசு மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் மானியம் பில்லிலேயே கழிந்தது. உதிரிப்பாகங்கள் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும் என்ற விதிகளை மீறியதாகக் கூறி 2023இல் ஏழு நிறுவனங்களிடம் 469 கோடி ரூபாயை மத்திய அரசு திருப்பிக் கேட்டது. அந்தப் பிரச்சினை அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இடையில்தான் இருந்ததே தவிர, வண்டி வாங்கிய ஒருவரிடமும் ‘உன் மானியத்தைத் திருப்பிக் கொடு’ என்று யாரும் வரவில்லை, ஏனென்றால் அவருக்கு விலை ஏற்கெனவே குறைந்திருந்தது. நீங்கள் சொல்வது போலப் பணம் பிறகு வரும் ஏற்பாடாக இருந்திருந்தால், நிறுத்திவைக்கப்பட்ட மானியத்துக்காக வாங்கியவர்கள்தான் காத்துக் கிடந்திருப்பார்கள்.

எரிவாயு மானியத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னீர்கள். 2017இல் தொலைபேசி எண்ணுக்கு ஆதார் சரிபார்த்த பலருக்கு, அவர்கள் அறியாமலேயே அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் வங்கியில் கணக்குத் தொடங்கப்பட்டு எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். நம் கையில் இருக்கும் பாஸ்புத்தகத்தைப் பார்த்து அது வராது. பிசானப் பருவ நெல்லுக்கு உழவு, நாற்று, உரம் என்று கையில் இருந்ததைப் போட்டுவிட்ட ஒருவர், மீதி இருப்பதைக் கொண்டு வண்டி வாங்க வரும்போது, 5,000 ரூபாயையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் பிறகு வரும் என்று காத்திருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

மேலப்பாளையம் ஆசிரியை
9 நவம்பர் 2025, மாலை 5.05

நீங்கள் இருவரும் பணம் எந்த வழியாக வர வேண்டும் என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் சிக்கல் அதற்கு முந்தைய படியிலேயே வந்துவிட்டது.

என் அம்மா நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறவர். அவர் சேர்த்து வைத்த பணத்தில் வண்டி வாங்குவதால் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது நியாயமான ஆசை. இலையும் தூளும் கத்தரியும் பட்டுப் பட்டு அவருடைய விரல்களில் ரேகை மங்கிவிட்டது. ரேஷன் கடையில் அந்தக் கருவி அவர் விரலை எத்தனை முறை மறுத்திருக்கிறது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்தத் திட்டத்தில் முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள் என்பது எங்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. முகம் ஒரு முறையிலேயே பொருந்தியது.

பெயர்தான் பொருந்தவில்லை. ஆதாரில் தாத்தாவின் பெயர் முழுதாக அம்மாவின் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயரின் முதலெழுத்து இன்ஷியலாக முன்னால் இருக்கிறது. குடும்ப அட்டையில் இன்ஷியலே இல்லை. தகப்பன் பெயரையோ கணவன் பெயரையோ ஓர் எழுத்தாகச் சுருக்கி எழுதும் நம் வழக்கத்துக்கு, முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கட்டம் போட்ட படிவங்களில் இடமே இல்லை. கடனுக்கு வங்கி ஒரு பெயரைக் கேட்டது, ஷோரூம் இன்னொரு பெயரில் ரசீது எடுத்தது, பதிவுக்கான இருபதாம் எண் படிவத்தில் எதை எழுதுவது என்று மூன்று நாள் அலைந்தோம். ஆதாரில் பதிந்திருந்த அலைபேசி எண், அண்ணன் வெளிநாடு போகும்முன் வைத்திருந்தது. அது செயலிழந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கல்லிடைக்குறிச்சி ஐயா சொல்வது போல மானியம் வங்கிக்கு வருவதாக இருந்தால், பெயர் ஒத்துப்போக வேண்டிய இடங்கள் இன்னும் ஒன்று கூடும். அதனால் நான் ஷோரூம் ஊழியர் பக்கம்தான். ஆனாலும் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: வாடிக்கையாளர் முன்பணம் கட்டுவதற்கு முன்பே ‘எல்லாச் சான்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா, ஆதாரில் உள்ள எண் வேலை செய்கிறதா’ என்று கேட்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கல்லிடைக்குறிச்சி விவசாயி
9 நவம்பர் 2025, இரவு 8.30

அம்மா, உங்கள் தாயாரின் நிலையை நான் யோசித்திருக்கவில்லை. பெயர்க் குழப்பம் உள்ளவருக்கு வங்கி வழி கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பில்லில் கழிக்கும் வழி வாங்குபவரைக் காப்பாற்றுகிறது என்று தம்பி சொல்வதை முழுதாக ஏற்க முடியாது. அதே ஃபேம் காலத்தில் மானியத்துக்கான விலை வரம்புக்குள் வண்டியைக் காட்டுவதற்காகச் சில நிறுவனங்கள் சார்ஜருக்குத் தனியாகப் பில் போட்டன. 2023இல் அது பெரிய பிரச்சினையாகி, வாங்கியவர்களுக்குச் சார்ஜர் பணத்தைத் திருப்பித் தர அவை ஒப்புக்கொண்டன. மானியம் விலைக்குள் கரைந்திருக்கும்போது, உண்மையான விலை என்ன, கழிந்தது என்ன என்பது வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதைத்தான் அது காட்டியது. என் 6,800 ரூபாயும் அதே இனம்தான்.

இப்போது நான் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறேன். மானியம் பில்லிலேயே கழியட்டும். ஆனால் அந்த ரசீது தமிழிலும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். வண்டியின் விலை, மானியம், இன்சூரன்ஸ், மற்ற ஒவ்வொரு செலவும் தனித்தனி வரியாக அதே தாளில் அச்சாக வேண்டும்.

வண்ணார்பேட்டை ஷோரூம் ஊழியர்
10 நவம்பர் 2025, காலை 7.50

தமிழில் ரசீது வேண்டும் என்பதில் எனக்கும் முழுச் சம்மதம், அண்ணாச்சி. ஒரு நாள் அவகாசம்தான் நடைமுறைக்கு ஒத்து வராது. ரசீது கையெழுத்தாகி எங்கள் கையெழுத்தோடு வலைதளத்தில் ஏறினால்தான் நிறுவனம் அந்தத் தொகையை அரசிடம் கேட்க முடியும். ஏதாவது ஒரு தாளில் பிழை இருந்தால், எங்கள் கடையில் அந்த 5,000 ரூபாய் எங்கள் தலையில்தான் விழுகிறது. வண்டியை எடுத்துப் போன பிறகு கையெழுத்துக்காக ஒருவர் பின்னால் போவது எங்களால் ஆகாது. அவகாசம் வேண்டுமென்றால் வண்டி எடுப்பதற்கு முதல் நாளே வந்து ரசீதின் மாதிரியை வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தர எங்களுக்குத் தடை இல்லை.

டீச்சர் கேட்டதற்குப் பதில்: இரண்டு நிமிடம் போதும். நாங்கள் கேட்பதில்லை என்பது உண்மை. முன்பணம் வாங்கும் மேசையில் உள்ளவருக்கு விற்பனைதான் வேலை, தாள் வேலை என்னிடம் வருவது அதற்குப் பிறகு. இன்று காலை இதை முதலாளியிடம் சொல்லப் போகிறேன்.

மேலப்பாளையம் ஆசிரியை
10 நவம்பர் 2025, மாலை 6.20

நன்றி, ஷோரூம் அண்ணாச்சி. இன்று அம்மாவைப் பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்துக்கு அழைத்துப்போய் ஆதாரில் எண்ணை மாற்ற விண்ணப்பித்துவிட்டேன். அக்டோபர் முதல் கட்டணம் 50 ரூபாயிலிருந்து 75 ரூபாயாகிவிட்டது. இரு சக்கர வண்டிக்கான மானியம் 2026 மார்ச் 31 வரைதான் என்பதால், இதே நிலையில் இருப்பவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் எண்ணையும் பெயரையும் சரிசெய்துகொள்ளுங்கள். வங்கிப் புத்தகத்தில் பெயரை மாற்ற நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அன்றைக்குப் பீடிக் கடைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் வியாழக்கிழமை போகிறோம்.