ஏஆர்8031 ஃபை: ஆர்ஜிஎம்ஐஐ மின்னழுத்தத்தை மெயின்லைன் டிவைஸ் ட்ரீயில் எழுதுவது எப்படி?

கேள்வி

ஐ.எம்எக்ஸ்8எம் மினி செயலி உள்ள போர்டு, அதில் ஏஆர்8031 கிகாபிட் ஃபை (ஈதர்நெட் கேபிளோடு பேசும் சிப்). செயலியையும் ஃபையையும் இணைப்பவை ஆர்ஜிஎம்ஐஐ கம்பிகள். செயலியின் ஈதர்நெட் பின்களுக்கு 1.8 வோல்ட் போகிறது. சிப் தயாரிப்பாளர் தரும் கர்னலில், டிவைஸ் ட்ரீயின் (போர்டு வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஃபை நோடுக்குள் "ஏடி803எக்ஸ்,விடிடிஐஓ-1பி8வி" என்ற ஒரே வரி போதுமாக இருந்தது. இப்போது மெயின்லைன், அதாவது லினக்ஸின் பொதுவான மூலக் கர்னல். அந்த வரி அப்படியே இருக்கிறது, லிங்கும் 1000 எம்பிபிஎஸ் என்றே வருகிறது. ஆனால் பாக்கெட்டுகள் தொலைகின்றன, சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகிறது, போர்டு சூடானால் இன்னும் மோசம். யூ-பூட்டில் (கர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர்) டிஎஃப்டிபி வழிக் கோப்பு இறக்கம் பிசகாமல் நடக்கிறது. இது மின்னழுத்தச் சிக்கலா, ஆர்ஜிஎம்ஐஐ டிலே (கடிகாரத்துக்கும் தரவுக்கும் இடையே வைக்கும் நேர இடைவெளி) சிக்கலா?

பதில் 1

மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள். நீங்கள் சொல்லும் பிராபர்டி மெயின்லைனில் கிடையாது. தெரியாத பிராபர்டியைப் பார்த்தால் கர்னல் எச்சரிக்காது, கண்டுகொள்ளாமல் போய்விடும். அதனால் ஃபை தன் இயல்பு நிலையான 1.5 வோல்ட்டிலேயே நிற்கிறது.

மெயின்லைனில், ஃபைக்குள் இருந்து ஆர்ஜிஎம்ஐஐ பின்களுக்கு மின்னழுத்தம் (விடிடிஐஓ) தரும் எல்டிஓ என்ற சிறு சுற்றையே ஒரு ரெகுலேட்டராக விவரிக்க வேண்டும். ஃபை நோடுக்குள் இப்படி:

விடிடிஐஓ-சப்ளை = <&விடிடிஐஓ>;
விடிடிஐஓ: விடிடிஐஓ-ரெகுலேட்டர் {
    ரெகுலேட்டர்-மின்-மைக்ரோவோல்ட் = <1800000>;
    ரெகுலேட்டர்-மேக்ஸ்-மைக்ரோவோல்ட் = <1800000>;
};

உள்நோடின் பெயரை மாற்றக் கூடாது. டிரைவர் அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுகிறது. மின் (குறைந்தபட்சம்), மேக்ஸ் (அதிகபட்சம்) இரண்டும் ஒரே மதிப்பாக இருக்கட்டும். டிரைவர் தானாக மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்குவதில்லை. ரெகுலேட்டர் பதிவாகும்போது கர்னலின் ரெகுலேட்டர் பகுதி இந்த வரம்பைப் பார்த்துத்தான் மதிப்பை எழுதுகிறது. அலகு மைக்ரோவோல்ட். 1800 என்று மில்லிவோல்ட்டில் எழுதினால் சிப்பால் தர முடியாத மதிப்பு என்று பதிவே தோற்கும். சிப் தருவது 1500000, 1800000 இரண்டு மட்டுமே.

லிங்க் வருவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது கேபிள் வழியே ஃபையும் எதிர்முனையும் பேசி முடிவு செய்வது. ஆர்ஜிஎம்ஐஐ கம்பிகளுக்கு அதில் வேலையே இல்லை. 1.5 வோல்ட் ஏன் அரைகுறையாக ஓடுகிறது என்றால், 1.8 வோல்ட் சிமாஸ் உள்ளீடு "1" என்று ஏற்க வழக்கமாக வேண்டியது 0.65 மடங்கு, அதாவது சுமார் 1.17 வோல்ட். 1.5 அதைத் தாண்டிவிடும், ஆனால் இடைவெளி குறைவு. 125 மெகாஹெர்ட்ஸில் இரு விளிம்பிலும் தரவு போகும்போது அந்த இடைவெளியைச் சூடும் இரைச்சலும் தின்றுவிடும். செயலிப் பக்கம் 2.5 வோல்ட்டாக இருந்திருந்தால் அங்கே தேவை 1.7 வோல்ட், ஒரு பாக்கெட்கூட ஒழுங்காக உள்ளே வந்திருக்காது, நீங்களும் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

பதில் 2

மேலே சொன்னதைப் போடும் முன் சர்க்யூட் படத்தைத் திறந்து ஃபையின் விடிடிஐஓ-ரெக் பின் எங்கே போகிறது என்று பாருங்கள். மின்தேக்கிகளுக்கு மட்டும் போனால் உள் எல்டிஓதான் ஊட்டுகிறது, அந்த நோடு சரி. அதை விடிடிஎச்-ரெக் பின்னோடு இணைத்திருந்தால் உங்கள் ஆர்ஜிஎம்ஐஐ 2.5 வோல்ட். அப்போது விடிடிஎச்-ரெகுலேட்டர் என்ற வெற்று உள்நோடு வைத்து, விடிடிஐஓ-சப்ளையை அதை நோக்கிக் காட்ட வேண்டும். அதற்குள் மின்னழுத்தம் எதையும் எழுத வேண்டாம். போர்டில் உள்ள இணைப்பைச் சொல்ல மட்டுமே அந்த நோடு. டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் இருப்பதை எழுதும் இடம். அங்கே எண்ணை மாற்றுவதால் தாமிரத் தடம் மாறாது.

இந்த வழி 8031, 8033 சிப்புகளுக்கு மட்டும். 8030, 8035 இரண்டிலும் போர்டில் வைக்கும் ஸ்ட்ராப் ரெசிஸ்டர்தான் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும்.

கேள்வி கேட்டவர்

பின் மின்தேக்கிகளுக்கு மட்டுமே போகிறது. நோடைச் சேர்த்தேன். கர்னல் லாகில் "ஜெனரிக் ஃபை" என்று வருகிறது, மல்டிமீட்டர் இன்னும் 1.5 காட்டுகிறது.

பதில் 3

அப்படியானால் ஏடி803எக்ஸ் டிரைவர் ஏறவே இல்லை. ஜெனரிக் டிரைவருக்கு இந்த ரெகுலேட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. கர்னல் கான்ஃபிக்கில் அந்த டிரைவர் ரெகுலேட்டர் ஆதரவைச் சார்ந்திருக்கிறது. ரெகுலேட்டரை அணைத்து வைத்திருந்தால் டிரைவர் பட்டியலிலேயே தெரியாது. டிரைவரை மாட்யூலாக வைத்து என்எஃப்எஸ் ரூட்டில் (ரூட் கோப்புகளை நெட்வொர்க் வழியே எடுப்பது) பூட் செய்தாலும் இதுதான் நடக்கும்: மாட்யூல் கிடைக்கும் முன்பே நெட்வொர்க் எழுந்து ஜெனரிக் டிரைவர் ஒட்டிக்கொள்ளும். டிரைவர், ரெகுலேட்டர் ஆதரவு இரண்டையும் கர்னலுக்குள்ளேயே கட்டுங்கள்.

சரியாக ஏறினால் கர்னல் லாகில் "குவால்காம் ஏதெரோஸ் ஏஆர்8031/ஏஆர்8033" என்று வரும். டீபக்எஃப்எஸ்ஸின் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு முறைமை) ரெகுலேட்டர் சம்மரியில் விடிடிஐஓ 1800 மில்லிவோல்ட் என்று தெரிய வேண்டும்.

யூ-பூட்டில் நன்றாக ஓடியதற்கும் விளக்கம் இருக்கிறது. போர்டுக்கான நிரல் அங்கே ஃபையில் 1.8 வோல்ட்டுக்கான பிட்டை ஏற்றியிருக்கும். கர்னல் ரீசெட் பின்னை இழுத்ததும் அது அழிந்துவிடும். நேரில் பார்க்க: இன்டர்ஃபேஸ் எழுந்த பின் ஃபைடூல் கட்டளையில் பதிவகம் 29இல் 31 எழுதி, பதிவகம் 30ஐப் படியுங்கள். எண்கள் தசமத்தில், யூ-பூட்டின் எம்ஐஐ கட்டளையில் செய்வதானால் ஹெக்ஸில் தர வேண்டும். படித்த மதிப்பில் பிட் 3, அதாவது 8, ஏறியிருந்தால் 1.8 வோல்ட்.

இன்டர்ஃபேஸை ஒருமுறை இறக்கி ஏற்றிய பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள். மின்னழுத்தம் எழுதப்படுவது ப்ரோபில் (டிரைவர் ஃபையோடு முதலில் இணையும்போது), ஒரே ஒருமுறை. ஆனால் ஃபை நோடில் ரீசெட் ஜிபிஐஓ இருந்தால், இன்டர்ஃபேஸ் இறங்கும்போது கர்னல் ரீசெட்டை இழுத்துப் பிடிக்கும். பிட் 3 போய்விட்டிருந்தால், ரீசெட் ஜிபிஐஓவை நோடிலிருந்து எடுத்துவிட்டு, ரீசெட்டை யூ-பூட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மின்னழுத்தம் 1.8 என்று உறுதியான பிறகும் சிஆர்சி பிழை நிற்காவிட்டால் டிலேயைப் பாருங்கள். வன்பொருள் ரீசெட்டுக்குப் பின் இந்த ஃபையில் ஆர்எக்ஸ் (பெறும் பக்க) டிலே இயங்கும், டிஎக்ஸ் (அனுப்பும் பக்க) டிலே இயங்காது. ஃபை-மோட் "ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி" என்று இருந்தால் டிரைவர் இரண்டையும் இயக்கும்.