குர்ஆன் ஓதும்போது அரபு எழுத்து பிசகிய அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

கூத்தாநல்லூர்க்காரன்:
போன ஐப்பசி அடைமழையில் இமாம் வந்து சேரவில்லை. மஃரிப் (அந்தித் தொழுகை) நடத்த என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். முதல் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) கவ்ஸர், இரண்டாவதில் இக்லாஸ். சின்ன வயதிலிருந்து ஓதுகிற சூராக்கள் (குர்ஆன் அத்தியாயங்கள்), யோசிக்கவே இல்லை. முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பையன், ஒன்பது வயதிருக்கும், சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமா, இக்லாஸ்ல நீங்க 'சொல்லுங்க'ன்னு ஓதலை, 'சாப்பிடுங்க'ன்னு ஓதிட்டீங்க" என்றான். கழுத்தின் மேல்பக்கம் விரலை வைத்து, வாயைத் திறந்துகாட்டி "குல்" என்றான். அடிநாக்கு எழும்பி உள்ளே அடைப்பது தெரிந்தது. அப்புறம் நான் ஓதிய மாதிரி இன்னொரு "குல்". தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், காதில் ஒன்றே இல்லை. "கவ்ஸர்லயும் ஒண்ணு இருக்கு மாமா" என்று ஆரம்பித்தான், அதற்குள் அவன் அத்தா குடையோடு வந்து கூட்டிப் போய்விட்டார்.

அது எது என்று வீட்டில் உட்கார்ந்து தேடினேன். "வன்ஹர்". நடுத்தொண்டை ஹாவில் ஓதினால் 'அறுத்துப் பலியிடு', அடித்தொண்டை ஹாவில் ஓதினால் 'விரட்டு'. ழுஹா சூராவில் கேட்டு வருபவரை விரட்டாதே என்று வருகிறதே, அந்தச் சொல். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு ஸஃப் (வரிசை) ஆட்களின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அதிரை ராத்தா:
நான் எழுதுவது திருத்தப்பட்ட கதை இல்லை, திருத்தின கதை. கொரோனா ஊரடங்கில் போனிலேயே தஜ்வீது (ஓதும் இலக்கணம்) வகுப்பில் சேர்ந்திருந்தேன். எங்கள் உம்மம்மா அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் யாஸீன் சூரா ஓதுவார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தினேன். 18ஆவது ஆயத்தில் (வசனத்தில்) வரும் அலீம் அலிஃபில் தொடங்குவது, 'நோவினை தருவது' என்று பொருள். 38ஆவது ஆயத்தில் வரும் அலீம் ஐன் என்ற தொண்டை எழுத்தில் தொடங்குவது, 'எல்லாம் அறிந்தவன்'. நீங்கள் இரண்டையும் ஒன்றாக ஓதுகிறீர்கள் உம்மம்மா என்று, வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் நாலைந்து தடவை முயன்றார், ஐன் வரவில்லை. குர்ஆனை மூடி, மடியில் வைத்துக்கொண்டு, "அறுவது வருசமா எங்க வாப்பாக்கு ஓதி நன்மைய ஹதியா செஞ்சனே, ஒண்ணும் போய்ச் சேரலையா?" என்று கேட்டார்.

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

பாபநாசத்துத் தம்பி:
ராத்தா, சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டு ஐனுக்குப் போயிருக்கலாம். தப்பாக நினைக்காதீர்கள்.

என் கதை சின்னது. ஒரு கல்யாண வீட்டில் நான் "வழு செஞ்சுட்டு வர்றேன்" (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) என்றதும், உருது பேசும் உறவுக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும், "அது என்ன வழு? வஜூ!" என்று சிரித்தார். பந்தியில் கை நனைக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சொல்லில் இருப்பது ழாத் என்ற அரபு எழுத்து; அவருடைய ஜாவும் ழாத் இல்லை, என்னுடைய ழாவும் ழாத் இல்லை என்பது பிறகு ஓதக் கற்றுத்தரும் ஹஜ்ரத்திடம் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ழாதுக்கு நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களில் அழுந்த வேண்டும். நம் தமிழ் ழகரத்தில் நாக்கு எதையும் தொடாது, நுனி மட்டும் பின்னால் வளையும். ஆனாலும் நம் பெரியவர்கள் காதை மெச்சத்தான் வேண்டும். அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுத அவர்கள் ழகரத்துக்குத் தேர்ந்தது ழாதின் உருவைத்தான், கீழே ஒரு புள்ளி வைத்து.

பழக நினைக்கிறவர்களுக்கு: முதலில் தமிழ் எழுத்தில் அச்சடித்த யாஸீன் புத்தகத்தை ஒதுக்கிவையுங்கள். அதில் மெல்லிய ஸீனும் கனத்த ஸாதும் ஒன்று, 'சொல்லு' என்ற குல்லின் பெரிய காஃபும் 'சாப்பிடு' என்ற குல்லின் சின்ன காஃபும் ஒன்று. அப்புறம், எந்த எழுத்தின் இடம் தெரிய வேண்டுமோ அதற்குச் சுகூன் (மெய்யெழுத்தாக்கும் குறி) கொடுத்து முன்னால் ஒரு அலிஃப் வையுங்கள்: அக், அஹ், அழ். குரல் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அதன் மக்ரஜ், பிறக்கும் இடம். கண்ணாடி முன் உட்கார்ந்து பல்லில் நாக்கு தெரிகிறதா என்று பாருங்கள். தா, தால், கனத்த தா மூன்றுக்கும் இடம் ஒன்றே, மேல் முன்பல்லின் வேர். கனமும் ஒலிப்பும்தான் வேறு. கனத்து ஒலிக்கும் எழுத்து மொத்தம் ஏழு, அவற்றை மட்டும் முதல் ஏழு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துக்கு ஒரு வாரம். போனில் காரியின் (முறையாக ஓதுபவரின்) ஓதலைக் கேட்பது நல்லதுதான், ஆனால் உங்கள் வாயைப் பார்த்துத் திருத்த எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

திருவாரூர் உம்மா:
தம்பி கண்ணாடியும் பல்லும் என்று எழுதியதைப் படித்ததும் கையெல்லாம் நடுங்குகிறது. என் மகனுக்கு ஏழு வயதில் மேல் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. மூன்று புள்ளி ஸாவுக்கு நாக்கு நுனி மேல் முன்பல்லின் விளிம்பைத் தொட வேண்டும். விளிம்பே இல்லாத பிள்ளை எதைத் தொடும்? அவன் ஓதிய மதரஸாவில் கவ்ஸரில் வரும் அந்த ஸாவுக்காக அரை மணி நேரம் நிற்கவைத்திருக்கிறார்கள். கூட்டிவரப் போனபோது, தூணோரம் நின்று பல் இல்லாத ஈறில் நாக்கை வைத்து வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். ஈறு சிவந்திருந்தது. உஸ்தாது வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். இப்போது அவனுக்குப் பதினொன்று, பல் எல்லாம் முளைத்துவிட்டது. கவ்ஸர் மட்டும் சத்தமாக ஓத மாட்டான்.

காரைக்கால் நானா:
பாபநாசத்துத் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரியவர்கள் காதை மெச்சுவது சரி, ஆனால் அதைச் சாக்காக வைத்து ழகரத்திலேயே நின்றுவிடக் கூடாது அல்லவா? ஃபாத்திஹா சூராவை முடிக்கும் "வலழ்ழால்லீன்", அந்த ழாதோடு, ஒவ்வொரு ரக்அத்திலும் வருகிறது. நான் சவூதியின் தமாமில் பதினான்கு வருடம் இருந்தேன். அரபி பேசுபவன் என்றால் எழுத்து சுத்தம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். என் கூட வேலை பார்த்த எகிப்துக்காரர் பேச்சில் ஜீம் (ஜ) எழுத்தை 'ga' ஓசையில் சொல்வார், உள்ளூர் ஆட்கள் பேச்சில் பெரிய காஃபே அந்த ஓசையில்தான் வரும். அதே எகிப்துக்காரர் ஃபஜ்ர் (விடியல்) தொழுகைக்குப் பிறகு ஓத உட்கார்ந்தால் ஜீமுக்காக நாக்கு நடுவை அண்ணத்தில் வைத்து, எங்களோடு சேர்ந்து திருப்பித் திருப்பிச் சொல்லுவார். அவருக்கும் பாடம், எனக்கும் பாடம். அவர் தாய்மொழியில் அவருக்கே திருத்தம் விழுந்ததைப் பார்த்த காலையில்தான் எனக்குக் கூச்சம் விட்டது.

கூத்தாநல்லூர்காரரே, அந்தப் பையன் எந்த நேரம் ஓதப் போகிறான் என்று விசாரித்தீர்களா?

கூத்தாநல்லூர்க்காரன்:
விசாரித்தேன் நானா. காலை ஆறரைக்கு. சின்னப் பிள்ளைகள் போனபின் ஏழரைக்கு எனக்குக் கால் மணி நேரம் தருவதாக உஸ்தாது சொல்லியிருக்கிறார். இன்னும் பெரிய காஃபில்தான் இருக்கிறேன்.

அதிரை ராத்தா:
தம்பி சொன்ன ஹதீஸை அன்று ராத்திரியே உம்மம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஓத ஆரம்பித்தார். ஆனால் நான் உள்ளே வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். முப்பத்தெட்டாவது ஆயத்து வரும்போது கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், அந்த இடத்தில் மட்டும் ஒரு நொடி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஓதுகிறார்.