கலந்து கிடக்கும் பழைய லெகோ: கிலோ கணக்கா, செட் கணக்கா?

நிலவன்:
அக்கா பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் விளையாடிய லெகோ பிளாஸ்டிக் கட்டைகள் முழுக்க இரண்டு பெரிய டப்பாக்களில் கலந்து கிடக்கிறது, விற்றுக் கொடு என்று அக்கா என்னிடம் விட்டுவிட்டாள். அட்டைப்பெட்டி ஒன்றுகூட இல்லை. எப்படிக் கட்டுவது என்று காட்டும் புத்தகங்கள் கொஞ்சம் இருக்கின்றன. ஒருவர் வந்து பார்த்துவிட்டு கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மகனோ இதில் உள்ள சில செட்டுகள், அதாவது ஒரே பெட்டியில் ஒரு மாதிரியைக் கட்ட வந்த தொகுப்புகள், வாங்கிய விலையைவிட அதிகமாகப் போகும் என்கிறான். யார் சொல்வதை வைத்து விலை போடுவது? குறைத்து விடவும் மனமில்லை, வாங்குகிறவரை ஏமாற்றவும் மனமில்லை.

எடைக்கல்:
கிலோ கணக்கிலேயே போங்கள். ஒருவர் கிலோ விலை கேட்கிறார் என்றால் கட்டைகளை மட்டும் பார்த்துக் கேட்கவில்லை, இதையெல்லாம் உட்கார்ந்து பிரித்து, கழுவி, எது எந்த செட் என்று கண்டுபிடித்து, தொலைந்ததை வாங்கிச் சேர்த்து, பிறகு விற்கப் போகும் உழைப்பையும் கழித்துத்தான் கேட்கிறார். கிலோ விலைக்கும் செட் விலைக்கும் இடையில் இருக்கும் தூரம் பெரும்பாலும் அந்தக் கூலிதான். ஆயிரக்கணக்கான துண்டுகளை நீங்களே பிரிக்கப் போகிறீர்களா? இல்லையென்றால் அந்தப் பணம் உங்களுடையது இல்லை.

எடை போடுவதற்கு முன்னால் லெகோ அல்லாததைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கட்டையின் மேலே உள்ள குமிழின் தலையில் LEGO என்ற பெயர் பொறித்திருக்கும், குமிழே இல்லாத துண்டுகளில் பெரும்பாலும் உள்பக்கம் இருக்கும். வேறு கம்பெனிக் கட்டைகள் கலந்திருந்தால் வாங்குகிறவர் மொத்த விலையையும் குறைப்பார்.

மஞ்சள்தலை:
எடைக்கல் சொல்லும் கூலிக் கணக்கு சரி, ஆனால் அந்த உழைப்புக்கான பலன் டப்பா முழுக்க ஒரே சீராகப் பரவிக் கிடப்பதில்லை. எட்டுக் குமிழ் கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம். மினிஃபிகர் என்னும் குட்டி லெகோ மனிதனும் சில கிராம்தான். தராசுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2003இல் வந்த 10123 கிளவுட் சிட்டி என்ற ஸ்டார் வார்ஸ் செட்டில் கைகளில் அச்சு உள்ள போபா ஃபெட் என்ற மினிஃபிகர் ஒருவன் உண்டு, அவன் ஒருவனின் விலைக்கே பெரிய செட்டுகள் வாங்கலாம். அதை எடைக்குப் போடச் சொல்வீர்களா?

நிலவன், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். மனிதர்கள், மிருகங்கள், தலைக்கவசம், வாள், துணியால் ஆன மேலங்கி, அச்சு உள்ள துண்டுகள், ரயில் மோட்டார் இவற்றை மட்டும் முதலில் தனியே எடுங்கள். அப்புறம் புத்தக அட்டையில் உள்ள செட் எண்களை எழுதி லெகோ வாங்கி விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மதிப்பில் பெரும்பகுதி இந்த முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

எடைக்கல்:
தளத்தில் பார்த்து வரும் தொகைதான் ஆளை ஏமாற்றுவதே. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், வருடக்கணக்கில் விற்காமல் கிடக்கும். இதில் பார்ட் அவுட் மதிப்பு என்று ஒன்று, செட்டின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக விற்றால் வரும் கூட்டுத்தொகை. அப்படி எல்லாத் துண்டுகளையும் விற்று முடிப்பவர்கள் கடையாகவே நடத்துகிறவர்கள். ஒரு தடவை விற்கப் போகும் ஆளுக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

மஞ்சள்தலை:
விற்காத விலையைப் பார்க்கச் சொல்லவே இல்லையே. கடந்த ஆறு மாதத்தில் விற்றது, இப்போது விற்பனைக்கு இருப்பது இரண்டையும் அந்தத் தளமே பிரித்துக் காட்டுகிறது, புதியது பழையது என்றும் பிரிக்கிறது. விற்ற, பழைய என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். எத்தனை விற்றிருக்கிறது என்பதும் முக்கியம். ஒன்றே ஒன்று விற்றிருந்தால் அந்தச் சராசரி வெறும் ஒரு ஆளின் ஆசை. இருபது முப்பது விற்றிருந்தால் அதுதான் சந்தை.

அரசு_கே:
எதற்கு இப்போது விற்க வேண்டும்? 1987 முதல் 2015 வரை வந்த லெகோ செட்டுகளை ரஷ்யப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். உற்பத்தி நின்ற செட்டுகள் மறுவிற்பனையில் சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதமாவது ஏறியிருக்கின்றன. பரணில் போட்டு வையுங்கள்.

எடைக்கல்:
அது பிரிக்காத புதுப் பெட்டிக்கான கணக்கு. டப்பாவில் கலந்து கிடக்கும் கட்டைக்கு அதைச் சொல்லி ஒருவரைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை. கம்பெனி மறுபடி வெளியிட்டுவிட்டால் என்ன ஆகும்? 2008இல் வந்த 10189 தாஜ்மஹாலின் விலை ஏறிக்கொண்டே இருந்தது, 2017இல் 10256 என்ற எண்ணில் கிட்டத்தட்ட அதையே திரும்ப விட்டார்கள், பழசுக்கு இருந்த கிராக்கி போய்விட்டது. வெயில் படும் இடத்தில் கிடந்தால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாகிவிடும் என்பது தனி.

கயல்:
நான் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், இதை யாராவது சொல்லியே ஆக வேண்டும். மஞ்சள்தலை சொன்ன மாதிரி நல்லதை எல்லாம் எடுத்துவிட்டு மீதியை "பிரிக்காத கலவை" என்று விற்பவர்கள் ஏராளம். அப்படி ஒரு மூட்டை என் மகளுக்காக வாங்கினேன். ஒரு மனிதன் இல்லை, ஒரு சக்கரம் இல்லை, கதவும் ஜன்னலும் இல்லை, வெறும் சுவர்க் கட்டை. எடுப்பது தவறில்லை, உங்கள் பொருள். ஆனால் எடுத்தாயிற்று என்று விளம்பரத்தில் எழுதுங்கள், விலையையும் அதற்கேற்ப வையுங்கள். பல் கடித்த தடம், கீறல், சிகரெட் நாற்றம், மஞ்சள் ஏறியது எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். மஞ்சளை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வைத்துப் போக்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அது திரும்ப மஞ்சளாகக்கூடும்.

மஞ்சள்தலை:
கயல் சொல்வது முழுக்க நியாயம். எடுத்ததை மறைத்தால் அது மோசடிதான்.

நிலவன்:
புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சின்னச் சின்ன செட்டுகள். ஒன்று மட்டும் பெரியது, 10193, பழங்காலச் சந்தைக் கிராமம் மாதிரி. டப்பாவில் கையை விட்டுத் துழாவியதில் பழுப்பு மாடு ஒன்றும் நாலைந்து மனிதர்களும் கிடைத்தார்கள். இதைத் தனியாக விற்கலாமா, செட்டையே சேர்க்கலாமா?

மஞ்சள்தலை:
அருமை! அது 2009இல் வந்தது, 1601 துண்டுகள், அதில் இரண்டு மாடுகள் உண்டு. மினிஃபிகர் அளவுக்கு லெகோ மாடு முதலில் தலைகாட்டியதே அந்த செட்டில்தான், தனியாகவே நல்ல விலை போகும். இன்னொன்றையும் தேடுங்கள். செட்டைச் சேர்த்துப் பாருங்கள் என்பதுதான் என் கருத்து. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் துண்டுப் பட்டியல் இருக்கும். சாதாரணக் கட்டைகளை விட்டுவிட்டு அபூர்வமான நிறம், அபூர்வமான வடிவம் உள்ளவற்றை முதலில் தேடுங்கள். அவை முக்கால்வாசி கிடைத்தால் மேலே போங்கள், கிடைக்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

எடைக்கல்:
1601 துண்டை ஒரு கலவைக்குள் தேடச் சொல்கிறீர்கள். அந்தக் காலத்துச் செம்பழுப்புத் துண்டுகள் உடையக்கூடியவை என்று லெகோ சேர்க்கும் எல்லோருக்கும் தெரியும். கிளிப் போன்ற பிடிப்பான்கள் கழற்றும்போதே பிளந்துவிடும், வெடித்த துண்டை வைத்து முழு செட் என்று சொல்ல முடியாது. நிறத்தையும் கவனிக்க வேண்டும். 2004 வாக்கில் சாம்பல், பழுப்பு நிறங்களையே கம்பெனி மாற்றியது. பழைய சாம்பலையும் நீலம் கலந்த புது சாம்பலையும் சேர்த்துக் கட்டினால் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார்.

நிலவன், தாளில் எழுதிப் பாருங்கள். முழு செட் பழையதாக விற்ற விலையை மேலே எழுதுங்கள். அதிலிருந்து தொலைந்த துண்டுகளை வாங்கும் செலவு, அஞ்சல் செலவு, தளம் எடுக்கும் கட்டணம் மூன்றையும் கழியுங்கள். மாட்டையும் மனிதர்களையும் தனியாக விற்றால் வருவதோடு மீதிக் கட்டையின் கிலோ விலையைக் கூட்டி, அதன் பக்கத்தில் வையுங்கள். முதல் தொகை பெரிதாக இருந்தால்தான் தேடலாம். கொஞ்சம்தான் கூடுதல் என்றால் விட்டுவிடுங்கள்.

மஞ்சள்தலை:
அந்தக் கழித்தலை நானும் ஒப்புக்கொள்கிறேன். "கொஞ்சம்தான் கூடுதல் என்றால் விட்டுவிடு" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அக்கா மகன் இருக்கிறான், அந்த செட்டைக் கட்டியவனே அவன்தான், எந்தத் துண்டு எது என்று அவன் கைக்குத் தெரியும். அவனுக்கு இது கூலி வேலை இல்லை.

கயல்:
முழுசாகச் சேராவிட்டாலும் இத்தனை துண்டு குறைகிறது என்று பட்டியலோடு விற்கலாம். நான் வாங்குவேன், என்னைப் போல நிறைய பேர் வாங்குவார்கள். எது குறைகிறது என்று தெரிந்தால் பயமில்லாமல் பணம் கொடுக்கலாம்.

நிலவன்:
இன்னொரு மாடும் கிடைத்துவிட்டது, கொம்பு ஒன்று மட்டும் இல்லை. மருமகன் இந்த வாரக் கடைசியில் வருகிறான், பட்டியலை வைத்து அவனோடு உட்காரப் போகிறேன். கிலோ விலை கேட்டவரிடம் மனிதர்களையும் மாடுகளையும் எடுத்துவிட்டேன், மீதிக்கு என்ன தருவீர்கள் என்று படம் அனுப்பியிருக்கிறேன்.

எடைக்கல்:
அவர் பதில் வந்ததும் இங்கே போடுங்கள். எடுத்த பிறகும் அதே கிலோ விலை தருகிறார் என்றால் முதலில் சொன்ன விலையே குறைவு என்று அர்த்தம்.