முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) சிதையும் நோய் வந்த நாயைப் பார்ப்பது: எங்கள் அனுபவங்கள்

உவர்மலை:
பின்னங்கால் தள்ளாடும் நாயைக் கண்டால் சனத்துக்கு முதலில் வரும் பயம், விசர் (வெறிநோய்) பிடித்துவிட்டதோ என்பதுதான். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையிலும் அப்படித்தான் கதைத்தார்கள். அந்தப் பயத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை; விசரிலும் கால் விழும். ஆனால் அதன் அறிகுறி தெரியத் தொடங்கிய நாய் சில நாட்களில் செத்துவிடும். எங்கள் அல்சேஷன் கடுவனுக்கோ மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது. தடுப்பூசி அட்டையைக் காட்டி விளங்கப்படுத்திய பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பழையபடி வந்து அவனைத் தடவினார்கள்.

முதலில் பின்பாதத்தின் நடு நகங்கள் தேய்ந்தன. பிறகு நடக்கும்போது பாதம் மடங்கி, மேல்தோல் தரையில் உரசியது. பேராதனை மிருக வைத்திய பீட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் பாதத்தை மடக்கி வைத்தார். அவனுக்கு அது தெரியவேயில்லை, அப்படியே நின்றான். முதுகை அழுத்தியபோது நோவு இல்லை. எக்ஸ்ரேயிலும் வேறு காரணம் தெரியவில்லை. டிஜெனரேட்டிவ் மைலோபதி, அதாவது முண்ணாண் மெல்லச் சிதையும் நோயாக இருக்கலாம் என்றார். உறுதியாகச் சொல்வதென்றால் இறந்த பிறகு முண்ணாணை வெட்டிப் பார்த்தால்தான் முடியுமாம். இந்த நோயோடு தொடர்புள்ள எஸ்ஓடி1 மரபணுக் குறையை நாய்களில் கண்டுபிடித்தது 2009இல். மனிதரில் ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்) நோயாளிகள் சிலருக்கும் இதே மரபணுவில்தான் பழுது. குணப்படுத்த மருந்து இல்லை.

அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் அழுதோம். ஆனால் அவனுக்கு நோவில்லை, புத்தியும் தெளிவாக இருக்கிறது என்றால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. டைல்ஸ் தரையில் கால் வழுக்கிப் பிளந்துவிடும், அதனால் அவன் போகும் வழியெல்லாம் ரப்பர் பாய் விரித்தோம். பழைய சாரத்தை மடித்து வயிற்றின் பின்பக்கம் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் தானே நடப்பான். விடிய வெள்ளனவே உப்புவெளிக் கரைக்குப் போவோம். மணலில் பாதம் அவ்வளவாகக் காயப்படாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் கடல் அடங்கிக் கிடக்கும், நெஞ்சளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டால் பின்னங்காலை அசைப்பான். தினமும் பயிற்சி கொடுத்தால் நடை கூடுதல் காலம் தாங்கும் என்று டொக்டர் சொல்லித்தான் அதைத் தொடங்கினோம். சோற்றையும் குறைத்தோம், பாரம் ஏறினால் தூக்குகிறவர்களுக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம்.

கால் முழுதாக விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. சலம் அடக்க ஏலாது. ஈரம் பட்ட தோல் எங்கள் ஊர் வெக்கையில் சீக்கிரம் புண்ணாகும், புண்ணில் இலையான் முட்டையிட்டால் புழு வைத்துவிடும். வயிற்றுப்பக்க மயிரைக் கத்தரித்து, கழுவி, துவாயால் ஒற்றிக் காய வைப்போம். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். சலம் மணத்தாலோ கலங்கினாலோ உடனே டொக்டரிடம் சொல்லுங்கள், கிருமித் தொற்றாக இருக்கலாம்.

நிலாவெளி:
அக்கா, கால் இழுக்கிற எல்லா நாய்க்கும் இந்த நோய் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் சின்னப் பெட்டை ஒரே இரவில் விழுந்தாள், தூக்கினால் கத்தினாள். அவளுக்கு முள்ளந்தண்டுத் தட்டு பிதுங்கியிருந்தது. கூட்டுக்குள் அசையாமல் வைத்து மருந்து கொடுத்தோம், இப்போது நடக்கிறாள். திடீரென வந்தாலோ நோவு இருந்தாலோ ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

அன்புவழிபுரம்:
எங்களுடையவனுக்குக் கடைசியில் முன்னங்காலும் தளர்ந்தது. தலையைத் தூக்கிச் சாப்பிட முடியாமல் போனபோது டொக்டரை வீட்டுக்கு அழைத்து ஊசி போட்டு அனுப்பினோம். அதைப் பாவம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். மூச்சு விடவே பாடுபடும்வரை அவனை வைத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அக்கா, உங்களவனின் பின்பக்கத்தைத் தாங்கி நடக்க வைக்கும் சக்கர வண்டிலை எங்கே செய்தீர்கள்?

உவர்மலை:
தம்பி, நீங்கள் செய்தது அவனுக்காகத்தான், மனதைப் போட்டு வருத்தாதீர்கள். வண்டிலை பிவிசி குழாயில் சைக்கிள் கடைக்காரர்தான் செய்து தந்தார். நாயைத் தூக்கி நிறுத்தி, இடுப்பு அகலம், தோளிலிருந்து வால் அடிவரை நீளம், தொடையிடுக்கிலிருந்து தரைவரை உயரம் மூன்றையும் அளந்து கொடுங்கள். தொடை உரசும் இடத்தில் பஞ்சு சுற்ற வேண்டும். முன்னங்கால் பலமாக இருக்கும்போதே பழக்குங்கள். அகலச் சக்கரம் போடுங்கள், ஒடுங்கிய சக்கரம் மணலில் புதையும்.